மருந்து கொடுக்காத குரங்குகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா? இங்கே அவரும் அத்தையும் சௌக்கியம். கட்டெறும்பு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிவிட்டாள். நின்றதும் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கடித்துவிடுகிறாள். நீ வைத்த பேர் வீண்போகவில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அத்தையும் கூடத்தில்தான் இருக்கிறார். அதோடு, கடல் தாண்டி உன் குரல் கேட்டால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அப்புறம் பேச்சு எங்கே வரும்?

போன வாரம் குளிப்பாட்டித் துடைக்கும்போது அவள் கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கொஞ்சம் கீழே, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மடிப்புக்குள் மடிப்பாக இருக்கிற பிள்ளை, அதில் ஒன்று என்றுதான் நினைத்தேன். வலது பக்கம் தொட்டுப் பார்த்தேன். அங்கே இல்லை. திரும்பவும் இடது பக்கம் தொட்டேன். இருந்தது. கோலிக்குண்டைவிடப் பெரிது, ஆனால் மெத்தென்று இருக்கிறது. அழுத்தினால் சிரிக்கிறாள், வலி இல்லை போலிருக்கிறது. ஆனால் அழுதாள் என்றால் உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுவதுபோல அது புடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

அத்தையிடம் காட்டினேன். "கொழந்தைன்னா கழுத்துல சதை இருக்காதா? நீ தொட்டுத் தொட்டே அதைப் பெருசாக்கிடுவ போல இருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் பிள்ளையைத் தூக்கினாலே என் கையைத்தான் பார்க்கிறார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷன் டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் படத்தைப் பார்த்தார். "உள்ள நீர் இல்ல, சதையாத்தான் இருக்கு. என்ன சதைன்னு எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"கேன்சரா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்பவே ஏம்மா அந்தப் பேரெல்லாம்?"

இல்லை என்று அவர் சொல்லவில்லை அக்கா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது ஒன்றுதான் காதில் இருந்தது. நான் படித்ததோ சரித்திரம். எந்த ராஜா என்ன கட்டி வந்து செத்தான் என்பதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நீ நாள் முழுக்கச் சதையைப் பார்க்கிறவள். இது என்னவாக இருக்கும் என்று சொல். கேலி செய்தாலும் பரவாயில்லை, உடனே எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. மருந்து நெடியோடு சாப்பாட்டில் கை வைக்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 15

அடி பயந்தாங்கொள்ளி,

கட்டெறும்புக்கு முதல் முத்தம், உனக்கு அப்புறம்தான். உன் வீட்டுக்காரரையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல். நாற்காலி வந்தது. வந்த அன்றே எங்கள் பெரிய டாக்டர், "நல்லாத்தான் இருக்கான்னு பாக்கறேன்" என்று அதில் உட்கார்ந்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் முதுகு பழைய நாற்காலியிலேயே வளைந்து கிடக்கிறது.

என் வேலை உனக்குப் பாதிதான் தெரியும். "எங்கக்கா கொரங்கு டாக்டர்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். நான் உயிரோடு குரங்கைப் பார்த்தே மாதக்கணக்காகிறது. ஒரு புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கும் முன்னால் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் கொடுக்க மாட்டார்கள். சிலவற்றுக்கு மருந்து கலக்காத வெறும் நீர் மட்டும்தான். ஆய்வு முடிந்ததும் எல்லாமே என் மேசைக்கு வரும், கண்ணாடித் துண்டில் ஒட்டிய மெல்லிய சதைச் சீவலாக, ரோஜா நிறத்திலும் ஊதாவிலும். மருந்து என்ன கெடுதல் செய்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கு, மருந்தே இல்லாவிட்டாலும் உடம்பில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டால் உனக்கு மயக்கம் வரும். மண்ணீரலுக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி இன்னொரு குட்டி மண்ணீரல். இதயத்தின் தசையில், தெருமுனையில் காரணமில்லாமல் கூடி நிற்கிற கும்பல் மாதிரி செல்கள். வெறும் நீர் குடித்த குரங்குக்குத்தான் இதெல்லாம். யார் செய்த தப்பும் இல்லை. பிறக்கும்போதே வந்தது, இல்லை தானாக வந்தது. இதற்கு நாங்கள் 'பின்னணி' என்று பேர் வைத்திருக்கிறோம். 'இயற்கையானது' என்று எழுதிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுப்போம்.

அதில் அடிக்கடி வருவது தைமஸ். அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய சதை. ஆனால் கருவில் அது கழுத்தில்தான் உருவாகும், அங்கிருந்து மெல்ல நெஞ்சுக்கு இறங்கும். இறங்கும்போது கொஞ்சம் கழுத்திலேயே தங்கிவிடும். வீடு மாற்றுகிறவர்கள் பழைய வீட்டில் ஒரு மூட்டையை விட்டுவிட்டு வருவதில்லையா, அப்படி. எங்கள் குரங்குகளின் கழுத்தில் இதை எவ்வளவோ பார்த்துவிட்டேன். குழந்தைகளுக்கும் உண்டு. மெத்தென்று இருக்கும், வலிக்காது, அழுதால் புடைக்கும். நீ எழுதியிருப்பது அச்சு அசல் அதுதான்.

ஒன்றுமில்லாத சதையடி. தூங்கு. உன் அத்தையின் கண்ணுக்கு மறைந்து திருட்டுத்தனமாகத் தொடுவதை நிறுத்து.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

உன் முதுகை நினைத்தால் அந்தப் பெரிய டாக்டர் மேல் கோபம் வருகிறது. தலையணையாவது வைத்துக்கொள். இங்கே நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் வெளியே வந்து சாப்பிட்டேன். "என்ன, இன்னிக்கு வாய் தொறந்திருக்கு" என்று அத்தை கேட்டார்.

அவரிடம் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். வந்தது வினை. "எம் பேத்தியை உங்கக்கா கொரங்குகூடச் சேத்துட்டாளா? வால் இருக்கான்னும் பாக்கச் சொன்னாளா?" என்று ஆரம்பித்து அன்று முழுக்க ஓயவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்தபோது, "வாங்க, கொரங்கு வீட்டுக்கு வாங்க" என்று வரவேற்றார். இப்போது இந்த வீட்டில் அந்த வார்த்தையே எடுக்கக்கூடாது. கட்டெறும்பின் படப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக்கூட ஒட்டி வைத்துவிட்டார்.

நேற்று ஆபரேஷன் டாக்டரைப் பார்த்தோம். நீ எழுதியதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய டாக்டரிடம் போய், எங்கள் அக்கா குரங்குக் கழுத்தில் பார்த்திருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன்.

கட்டெறும்பின் அப்பா சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. "ஒன்னுமில்லாத சதைன்னு உங்கக்காவே சொல்றாங்க. அப்ப எடுத்துட்டா என்ன கொறஞ்சுடப் போகுது? வச்சிருந்தா நீ தடவித் தடவியே பைத்தியமாயிடுவ." டாக்டரும், சின்ன ஆபரேஷன், முழுசாக எடுத்துவிட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடும் என்கிறார். அதனால் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஏப்ரலில் இருக்கும்.

பயம் போய்விட்டது அக்கா. உன்னால்தான். எடுப்பது சரிதானே? ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

உன் தங்கை


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? நாங்கள் இருக்கிறோம்.

என் கடிதம் கிடைத்ததா? நீ ஒரு நாளும் இப்படித் தாமதித்ததில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். நான் வாசலுக்கு வந்ததும் அவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார். இன்று என்னைப் பார்க்காததுபோலவே போய்விட்டார்.

நீ பேசாமல் இருந்தால் நான் என்னென்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியாதா? முதல் கடிதத்தில் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாய், அப்புறம் நன்றாக யோசித்துப் பார்த்தபோது அது வேறு எதுவோ என்று தெரிந்துவிட்டது, அதை எழுதக் கை வரவில்லை. அப்படித்தானே? நேற்று அவள் தூங்கும்போது தொட்டேன். பெரிதாகியிருக்கிற மாதிரி இருந்தது. அவரை எழுப்பித் தொடச் சொன்னேன். "போன வாரம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்றார். போன வாரம் அவர் தொடவே இல்லை.

சளியா, வேலையா, கோபமா? ஏதாவது எழுது.

உன் தங்கை


மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே வேலை அதிகம். அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடு. அவசரம் ஒன்றும் இல்லை. நான் இன்னும் சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை எடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்.

குழந்தையைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கூட்டத்தில் கொண்டுபோகாதே.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி.

என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்? யாருக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? இவள் உன் ஆய்வுக்கூடத்தில் வெறும் நீர் குடித்த குரங்கு இல்லை. பொறுமையாகப் பார்த்து, 'இயற்கையானது' என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பதற்கு எனக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. ஒரு மாதத்துக்கு முன் ஒன்றுமில்லாத சதை என்றாய். இப்போது தொடாதே என்கிறாய். ஏன் என்று சொல்ல உனக்கு ஒரு வரி இல்லை.

அவரிடம் காட்டினேன். "கையில இருக்கிற டாக்டரை விட்டுட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்காகக் காத்திட்டிருக்கணுமா?" என்றார். அத்தை என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன், என்னதான் இருந்தாலும் நீ என் அக்கா.

உள்ளே அது என்னவென்று தெரியாமல் இன்னும் ஒரு மாதம் என்னால் மூச்சுவிட முடியாது. டாக்டரிடம் கெஞ்சினேன். முன்னாலேயே செய்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். எந்தத் தேதி என்று உனக்கு எதற்கு? முடிந்ததும் எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 28

என் தங்கமே,

இது கைக்குக் கிடைத்ததும் நின்றுகொண்டேயாவது படி. நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை.

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் அத்தை, "அவ குளிச்சிட்டிருக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் செய்தேன். "இன்னும் குளிச்சிட்டிருக்கா." அப்புறம் யாருமே எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரரின் அச்சகத்துக்குச் செய்தேன். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் கத்தினார்: "அவர் லீவுங்க. கொழந்தைக்கு ஏதோ ஆஸ்பத்திரின்னாரு." எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய டாக்டரிடம் விடுப்புக் கேட்டேன். இந்த ஆய்வு முடியும்வரை யாருக்கும் கிடையாதாம். அதனால் எழுதுகிறேன். இது உன்னிடம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒன்றுமில்லாத சதை என்று நான் எழுதியது எங்கள் மேசையின் பேச்சு. மருந்தால் வந்தது இல்லை என்றால் எங்களுக்கு அது ஒன்றுமில்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். "ஒன்னுமில்லாததை எடுத்துட்டா என்ன" என்று உன் வீட்டுக்காரர் கேட்டதை நீ எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததும் கடிதத்தை மடிக்காமலே மேசையில் வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றியதே இல்லை. நாங்கள் அந்தச் சதையைப் பார்க்கும்போது குரங்கு உயிரோடு இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் அந்தக் குரங்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு எதற்கு?

தைமஸ் என்பது உடம்பின் பள்ளிக்கூடம். நோயை எதிர்க்கிற செல்கள் யார் நம்மவர், யார் அந்நியர் என்று படிக்கிற இடம். குழந்தைப் பருவத்தில்தான் அதன் வேலை அதிகம். நெஞ்சில் ஒன்று ஒழுங்காக இருந்து, கழுத்தில் மிச்சம் கொஞ்சம் தங்கியிருந்தால் எடுக்கலாம், பாதகமில்லை. ஆனால் மொத்தமும் கழுத்திலேயே நின்றுவிட்டு, நெஞ்சுக்கு எதுவும் இறங்காமல் இருந்தால்? முழுசாக எடுத்துவிட்டால் அப்புறம் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

பதில் எழுதாத நாட்களில் நான் பழைய கண்ணாடிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கழுத்தில் தைமஸ் இருந்த குரங்குகளுக்கு நெஞ்சிலும் இருந்ததா என்று. பெரும்பாலானவற்றுக்கு இருந்தது. சிலவற்றுக்கு, அறிக்கையில் நெஞ்சுத் தைமஸ் என்ற இடத்தில் 'கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. வெட்டியவர் தவறவிட்டாரா, இல்லை அந்த உயிருக்கு அது இல்லவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கீழே கையெழுத்து என்னுடையதுதான். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? நெஞ்சில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், வீணாக உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று 'தள்ளிப் போடு' என்று மட்டும் எழுதினேன்.

கத்தி படவில்லை என்றால், டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை கேள்: நெஞ்சில் தைமஸ் இருக்கிறதா என்று.

உன் அக்கா


ஏப்ரல் 6

தங்கைக்கு,

போனை யாரும் எடுக்கவில்லை. திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே. அவள் எப்படி இருக்கிறாள் என்ற ஒரு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

அவள் இருக்கிறாள். இதோ பக்கத்தில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இதை எழுதிவிட்டேன். இனி நீ உட்கார்ந்து படிக்கலாம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

போன் செய்திருக்கலாம். முதலில் கோபம். அப்புறம், சொல்லச் சொல்ல நானே அதைக் கேட்க வேண்டி வருமே என்று பயம். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் வீடு பூட்டித்தான் கிடந்தது.

ஆபரேஷன் 29-ஆம் தேதி. காலையில் அவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு தொளதொள சட்டை போட்டுவிட்டார்கள். பசியில் கத்திக்கொண்டிருந்தாள், கழுத்தில் அது புடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் முறை வருவதற்காக நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பையில் உன் சின்னக் கடிதம் இருந்தது. கோபத்தில் கசக்கிப் போட்டிருந்தேன், கைக்குட்டை தேடும்போது வந்தது. திரும்பவும் படித்தேன். அக்கா, நீ அதில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடவில்லை. ஒரு கேலி இல்லை. நான் பரீட்சையில் தோற்றபோதுகூடக் கேலி செய்தவள் நீ. ஓ, இவளுக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குப் பயம் என்றால் நான் எங்கே போவேன்?

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். நர்ஸ், "அம்மா, அம்மா, நில்லுங்க" என்று பின்னாலேயே வந்தார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னும் கூப்பிடலையே?"

"டாக்டர், எங்கக்கா இதை எடுக்க வேணாம்னு எழுதியிருக்காங்க. ஏன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

"உங்கக்கா யாரு, டாக்டரா?"

அத்தையும் அதற்குள் உள்ளே வந்துவிட்டார். அவர் எதிரே அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? அப்புறம் எங்கிருந்து வந்ததோ, கத்திவிட்டேன். "கொரங்கு டாக்டர்! கொரங்குக் கழுத்துல இதே மாதிரி இருக்குமாம். தைமஸாம். நெஞ்சுக்கு எறங்காம கழுத்துலயே நின்னுடுமாம்."

பேனா நின்றது. "தைமஸ்னா சொன்னாங்க? எப்ப சொன்னாங்க?"

"பிப்ரவரியில."

"பிப்ரவரியிலயா! எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மயக்க மருந்துக்காக முந்தின நாள் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இந்த வயதில் நெஞ்சின் நடுவே தைமஸின் நிழல் அகலமாகத் தெரிய வேண்டுமாம். அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்துக்குப் பின்னால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, விரல்கள் மட்டும் தெரிந்தன. அது முந்தின நாளிலிருந்து அவர் மேசை மேலேயே இருந்த படம் அக்கா. நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"இன்னிக்கு வேணாம்" என்றார்.

அப்புறம் பெரிய ஸ்கேன். ஊசியால் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு நேற்றுத்தான் வந்தது. கழுத்தில் இருப்பது தைமஸ். நெஞ்சில் ஒன்றுமே இல்லை, காலி. உனக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒன்று அதுதான். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, இருக்கிற இடத்திலிருந்தே அது வேலை செய்கிறது என்றார். "இவளுக்கு இருக்கிறது இது ஒன்னுதான். யாரையும் இதுல கைவைக்க விடாதீங்க. எங்களையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார் டாக்டர்.

உன் நீளக் கடிதம் நாங்கள் ஸ்கேனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது வந்தது. 'கிடைக்கவில்லை' என்ற இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அந்தக் குரங்குகளை நினைத்தேன்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அத்தை, "உங்கக்கா அன்னிக்கு அத்தனை தடவை போன் பண்ணினா. நீ கோவமா இருக்கியேன்னு குளிக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

இப்போது எனக்கு வேறு பயம். முன்பு அது அங்கே இருக்கிறதே என்று பயந்தேன். இப்போது தினம் காலையில் அது இருக்கிறதா என்று பயப்படுகிறேன். எதிர்வீட்டு அம்மா கொஞ்சுகிறேன் என்று அவள் தாடையைப் பிடித்தபோது அவர் கையைத் தட்டிவிட்டேன். "கொஞ்சினாக்கூடக் குத்தமா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

ஒன்று மட்டும் நீ சொல்ல வேண்டும். இவள் வளர வளர அது என்ன ஆகும்? சுருங்குமா, பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்துமா? இவள் படித்து, வேலைக்குப் போய், ஒரு பிள்ளை பெற்று, அதுவரை அது அங்கேயே இருந்து காப்பாற்றுமா? டாக்டரைக் கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறார். நீ உன் குரங்குகளைப் பார்த்துச் சொல். கழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டிருந்த குரங்குகள் வயதான பிறகு எப்படி இருக்கின்றன? எதுவாக இருந்தாலும் மறைக்காதே. மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் தங்கை


ஏப்ரல் 17

என் தங்கைக்கும் அவள் செருப்பைத் தின்கிறவளுக்கும்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே பிரித்தேன். "அவள் இருக்கிறாள்" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய டாக்டர் எழுந்து, கேட்காமலே அந்தப் புது நாற்காலியை என் பக்கம் தள்ளினார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். உன் அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். அந்த வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டிருந்தீர்கள், நான் இங்கே ஒரு பக்கம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். புத்தகத்தில் இருப்பது இதுதான்: பெரியவர்களானால் தைமஸ் தானாகச் சுருங்கிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். அதற்குள் அது சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித் தந்திருக்கும். ஆனால் நெஞ்சுக்கு இறங்காமல் கழுத்திலேயே நின்ற ஒன்று, ஒரே ஒன்று, எத்தனை வருஷம் தாங்கும், எப்படிச் சுருங்கும் என்று கேட்டால் புத்தகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

குரங்குகளைப் பார்த்துச் சொல் என்கிறாய். மறைக்காமல் சொல்கிறேன். எங்களிடம் வயதான குரங்கே கிடையாது. ஆய்வு முடிகிற நாளில் எல்லாவற்றுக்கும் முடிந்துவிடும், மருந்து குடித்ததற்கும் வெறும் நீர் குடித்ததற்கும். எல்லாமே இளம் வயது. நாளைக்கு அது என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு கண்ணாடித் துண்டும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில், கழுத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு உயிர் ஓடி விழுந்து எழுந்து வளர்வதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியாதடி. பயமாகத்தான் இருக்கிறது.

நீதான் பார்க்கப் போகிறாய். பார்த்து எனக்கு எழுது.

உன் அக்கா